1830இல் பத்திரிகைச் சுதந்திரத்துக்காக நின்ற தியேர், 1871இல் பாரிஸைச் சுட்டது எப்படி?

நீங்கள் கேட்டிருப்பது இது: 1830 ஜூலையில் பத்திரிகைகளின் வாயை அடைத்த அரசாணைக்கு எதிராகப் பத்திரிகையாளர்களின் கண்டன அறிக்கையை எழுதிய அடோல்ஃப் தியேர், 41 ஆண்டுகள் கழித்துப் பாரிஸ் கம்யூனை (1871இல் பாரிஸ் மக்கள் தேர்ந்தெடுத்த புரட்சிகர நகர ஆட்சியை) இரத்தத்தில் மூழ்கடித்த அரசுக்குத் தலைவராக இருந்தார், இடையில் இவருக்கு என்ன ஆயிற்று, பதவி கைக்கு வந்ததும் கொள்கையை விற்றுவிட்டாரா?

அவர் கொள்கையை விற்கவில்லை என்பதே என் பதில். அவருடைய கொள்கையில் நாம் ஒரு பாதியை மட்டுமே படிக்கிறோம். முப்பது வயதில் எழுதிய தலையங்கத்திலிருந்து எழுபத்தாறாம் வயதில் பதவியை இழந்த நாள்வரை அவர் விரும்பியது ஒன்றுதான். சொத்தும் கல்வியும் உடையவர்களின் மன்றம் நாட்டை ஆள வேண்டும், அமைச்சர்கள் அந்த மன்றத்துக்குப் பதில் சொல்ல வேண்டும், அதற்கு மேலே அரசர் ஒருவர் இருப்பதும் இல்லாததும் காலத்தைப் பொறுத்தது. அந்த மன்றத்தின்மீது மேலிருந்து அரசர் கை வைத்தபோது தியேர் எதிர்த்தார். கீழிருந்து மக்கள் கை வைத்தபோது சுட்டார். இரண்டையும் ஒரே மனத்துடன்தான் செய்தார் என்பதை ஏற்பதே கடினமாக இருக்கிறது, ஆனால் அவருடைய வாழ்க்கையை வரிசையாகப் பார்த்தால் வேறு முடிவுக்கு வர முடியவில்லை.

தியேர் 1797 ஏப்ரல் 15 அன்று மர்சேய் துறைமுக நகரில் பிறந்தார். அப்போது பெற்றோருக்குத் திருமணம் ஆகியிருக்கவில்லை. அடுத்த மாதம் தாயை மணந்த தந்தை, விரைவிலேயே குடும்பத்தைக் கைவிட்டுப் போய்விட்டார். தாயும் பாட்டியும் வறுமையில் வளர்த்த பிள்ளை, உதவித்தொகை பெற்று மர்சேயில் பள்ளிப்படிப்பை முடித்து, எக்ஸ் நகரில் சட்டம் படித்தார். வாழ்நாள் முழுவதும் உடன் வந்த நண்பரான ஃபிரான்சுவா மிஞே அங்குதான் கிடைத்தார். எக்ஸ் கல்விக்கழகம் நடத்திய கட்டுரைப் போட்டியில், எழுதியவர் தியேர் என்று தெரிந்துகொண்ட நடுவர்கள் அவருடைய அரசியல் பிடிக்காமல் பரிசைத் தள்ளிவைத்தார்கள் என்றும், மறுமுறை அவர் பெயர் மறைத்துப் பாரிஸ் வழியாக இன்னொரு கட்டுரையை அனுப்பி முதல் பரிசைப் பறித்தார் என்றும் ஒரு செய்தி உண்டு. குள்ளமான உருவம், கீச்சுக் குரல், தென்னாட்டு உச்சரிப்பு, குடும்பப் பெயரோ பணமோ இல்லாத பின்னணி: இவை அத்தனையையும் எழுத்துத் திறமையால் மட்டுமே ஈடுகட்ட வேண்டியிருந்த இளைஞர் அவர்.

1821இல் பாரிஸ் வந்தவருக்கு, எதிர்க்கட்சித் தலைவர்களில் ஒருவரான மானுவேலின் பரிந்துரையால் 'லு கோன்ஸ்தித்யூசியோனெல்' நாளேட்டில் இடம் கிடைத்தது. தாராளவாத எதிர்க்கட்சியின் முதன்மையான ஏடு அது. அரசியலோடு நிற்காமல் ஓவியக் கண்காட்சிகளைப் பற்றியும் எழுதினார். 1822 கண்காட்சியில் 24 வயது தெலாக்ருவா முதன்முதலாக வைத்த ஓவியத்தைப் பலர் ஏளனம் செய்தபோது, இவன் பெரிய ஓவியனாவான் என்று அச்சில் சொன்ன முதல் குரல்களில் தியேருடையதும் ஒன்று. அந்தக் காலத்துப் பாரிஸ் நாளேடு எத்தகையது என்பதை இங்கே மனத்தில் கொள்ள வேண்டும். தெருவில் காசு கொடுத்து ஒரு பிரதி வாங்கும் வழக்கமே இல்லை. ஆண்டுச் சந்தா 80 பிராங்க் அளவில் இருந்தது, அது ஒரு தொழிலாளியின் ஏறத்தாழ ஒரு மாதக் கூலி. வாசகர் என்பவர் வணிகர், வழக்கறிஞர், நிலக்கிழார், ஓய்வுபெற்ற நெப்போலியன் காலத்து அதிகாரி. தியேர் 'பொதுமக்கள் கருத்து' என்று எழுதும்போதெல்லாம் இவர்களைத்தான் நினைத்தார். அவரைப் புரிந்துகொள்ள இதைவிடப் பெரிய திறவுகோல் இல்லை என்று நான் கருதுகிறேன்.

1823 முதல் 1827 வரை பத்துத் தொகுதிகளாகப் பிரெஞ்சுப் புரட்சியின் வரலாற்றை எழுதி வெளியிட்டார். முதல் இரு தொகுதிகள் வந்தபோது அவர் பெயரை யாருக்கும் தெரியாது என்பதால், பதிப்பாளர்கள் ஓரளவு அறியப்பட்ட ஃபெலிக்ஸ் போதென் என்பவரின் பெயரையும் அட்டையில் சேர்த்தார்கள். புரட்சியின் நிதி நிலைமையை நிதித்துறை அறிந்தவர்களிடமும் போர்களைப் படைத்தலைவர்களிடமும் நேரில் கேட்டு எழுதினார்; செய்தியாளரின் அந்தப் பழக்கம் அவரை விட்டு ஒருநாளும் போகவில்லை. நெப்போலியன் வீழ்ந்தபின் பழைய அரச குடும்பம் திரும்பி வந்து ஆண்டுகொண்டிருந்த காலத்தில், 1789ஐ ஒரு பேரழிவாக அன்றி, நடுத்தர வர்க்கம் தன் உரிமையைப் பெற்ற நிகழ்வாகச் சொன்ன நூல் அது. இங்கிலாந்து 1688இல் அரச குலத்தை மாற்றி அமைதியானதுபோல் பிரான்சும் ஒருநாள் செய்யக்கூடும் என்ற எண்ணம் அவருக்கும் மிஞேவுக்கும் அப்போதே இருந்தது.

அந்த எண்ணத்துக்கென்றே ஒரு நாளேடு பிறந்தது. 1830 ஜனவரி 3 அன்று தியேர், மிஞே, அர்மான் கரேல் மூவரும் 'லு நசியோனால்' ஏட்டைத் தொடங்கினார்கள். வங்கியாளர் லஃபீத்தின் ஆதரவும் முதிய அரசதந்திரி தலேரானின் ஆசியும் பின்னால் இருந்தன. மன்னர் பத்தாம் சார்ல், நாடாளுமன்றப் பெரும்பான்மை இல்லாத போலிஞாக்கை முதலமைச்சராக வைத்திருந்தார். சட்டத்துக்கு உட்பட்டே மன்னரை மூலைக்குத் தள்ளுவது இவர்களுடைய உத்தி. "அரசர் அரியணையில் இருக்கிறார், ஆனால் ஆள்வதில்லை" என்ற வாசகத்தை நாடறியச் செய்தவர் தியேர். ஆள்வது அமைச்சர்கள், அவர்களைத் தீர்ப்பிடுவது மன்றம் என்று இதழ்தோறும் விளக்கினார். 1830இல் பிரான்சில் இது பாடநூல் சூத்திரமாக இருக்கவில்லை. மன்னரின் கண்ணில் அது நேரடியான சவால்.

ஜூலை 26, திங்கட்கிழமை காலை. அரசிதழில் மன்னரின் நான்கு ஆணைகள் வெளிவந்தன. முன் அனுமதி இல்லாமல் பத்திரிகை அச்சிடக் கூடாது, புதிதாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் கூடுவதற்கு முன்பே கலைக்கப்படுகிறது, வாக்குரிமை இன்னும் சுருக்கப்படுகிறது, புதிய தேர்தல் நடக்கும் என்பவை அவற்றின் உள்ளடக்கம். 'லு நசியோனால்' அலுவலகத்தில் பல ஏடுகளின் ஆட்கள் திரண்டார்கள். அங்கே தியேர் எழுதிய அறிக்கையின் மையம் மிகத் தெளிவானது: சட்டத்தின் ஆட்சி முறிந்துவிட்டது, வன்முறையின் ஆட்சி தொடங்கிவிட்டது, ஆகவே கீழ்ப்படிவது இனிக் கடமை அல்ல. வழக்கம்போல் பெயரில்லாமல் வெளியிடலாம் என்று சிலர் தயங்க, இப்படிப்பட்ட தாளின் அடியில் தலைகள் வேண்டும் என்று சொல்லித் தியேர் தம் பெயரை இட்டதாகச் சொல்வார்கள். 44 பேர் கையெழுத்திட்டார்கள். அடுத்த நாள் அனுமதியின்றி ஏடுகள் வெளிவந்ததும் அச்சு இயந்திரங்களை முடக்கக் காவல்துறை வந்தது. 'லு தாம்' ஏட்டின் வாசலில் அதன் நிர்வாகி போத், பூட்டை உடைத்துத் திருடுவோருக்கான தண்டனைச் சட்டப் பிரிவை உரக்கப் படித்தார். அழைத்துவரப்பட்ட பூட்டுத் தொழிலாளி தொப்பியைக் கழற்றிவிட்டு வேலை செய்ய மறுத்தார். கடைசியில் கைதிகளுக்கு விலங்கு மாட்டும் ஆளைக் கூட்டிவந்துதான் கதவைத் திறக்க முடிந்தது.

அடுத்த மூன்று நாட்களில் தெருவில் சண்டையிட்டு மடிந்தவர்கள் யார் என்பதையும் சொல்ல வேண்டும். அச்சகங்கள் மூடப்பட்டதால் வேலையிழந்த அச்சுத் தொழிலாளர்கள், தச்சர்கள், கொத்தர்கள், பூட்டுத் தொழிலாளர்கள், சில மாணவர்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு வாக்குரிமையே கிடையாது. அரசர் கலைத்த மன்றத்தில் அவர்களுக்கு எந்தப் பங்கும் இருந்ததில்லை. தியேரோ, கைது ஆணை வரப்போகிறது என்ற செய்தி பரவியதும் 28ஆம் தேதி நகரைவிட்டு வெளியேறி மோன்மோரான்சி பகுதியில் தங்கி, சண்டை முடியும் தறுவாயில் திரும்பினார். இதை வைத்து அவரைக் கோழை என்று ஏசுவது எளிது, நியாயமும் அல்ல. கையெழுத்திட்டதற்கே தலை போயிருக்கலாம். ஆனால் திரும்பி வந்ததும் அவர் செய்த முதல் வேலை கவனத்துக்குரியது. 30ஆம் தேதி காலையில் பாரிஸ் சுவர்களில் ஒரு சுவரொட்டி தோன்றியது. பத்தாம் சார்ல் மக்களின் இரத்தத்தைச் சிந்திவிட்டார், அவர் பாரிஸ் திரும்ப முடியாது. குடியரசு வந்தால் பயங்கரமான பிளவுகள் வரும், ஐரோப்பாவோடு பகை வரும். ஓர்லெயான் கோமகன் (மன்னரின் உறவினரான லூயி பிலிப்) புரட்சியின் பக்கம் நின்றவர், புரட்சிப் படை வென்ற ஜெமாப் போர்க்களத்தில் இருந்தவர் என்று குறுகிய வாக்கியங்களில் அது பேசியது. தியேரும் மிஞேவும் எழுதியது அது. அன்றே தியேர் குதிரையேறி நெய்யி மாளிகைக்குப் போனார். கோமகன் அங்கு இல்லாததால் அவருடைய தங்கை அதெலாய்தைச் சந்தித்து, தாமதித்தால் எல்லாம் போய்விடும் என்று இணங்கவைத்தார். ஆகஸ்ட் 9 அன்று லூயி பிலிப் 'பிரெஞ்சு மக்களின் அரசர்' ஆனார். தடுப்பரண்களில் நின்றவர்களில் பலர் கேட்ட குடியரசு, ஒரே சுவரொட்டியால் 18 ஆண்டுகள் தள்ளிப்போயிற்று என்பது மிகைதான், ஆனால் அதிக மிகை அல்ல.

அந்த அக்டோபரிலேயே எக்ஸ் தொகுதியிலிருந்து மன்ற உறுப்பினரானார். உறுப்பினராகக் குறிப்பிட்ட அளவு நேரடி வரி கட்டும் சொத்து வேண்டும். அந்தச் சொத்தை வாங்க உதவியவர் தோன் என்ற செல்வந்தர். 1833இல் தோனின் மூத்த மகள் எலீசைத் தியேர் மணந்தபோது அவளுக்கு வயது பதினைந்தோ பதினாறோதான். பாரிஸ் முழுவதும் வாய்க்கு வந்தபடி பேசியது. அந்தப் பேச்சுகளை இங்கே விட்டுவிடுகிறேன். நம் கேள்விக்கு வேண்டியது புதிய ஆட்சியின் வாக்காளர் கணக்கு. 1831 சட்டப்படி 200 பிராங்க் நேரடி வரி கட்டுபவருக்கே வாக்கு. மூன்று கோடிக்கு மேற்பட்டோர் வாழ்ந்த நாட்டில் தொடக்கத்தில் வாக்காளர் இரண்டு லட்சத்தை எட்டவில்லை. தியேருக்கு இது குறையாகத் தோன்றவில்லை.

1832 அக்டோபரில் உள்துறை அமைச்சர். பழைய அரச குலத்துக்காக மேற்கு பிரான்சில் கிளர்ச்சி மூட்ட முயன்ற பெர்ரி கோமகளைப் பிடிப்பதே முதல் பணி. சிமோன் தொய்ட்ஸ் என்ற கூட்டாளிக்குப் பெருந்தொகை தருவதாகப் பேரம் பேசி அவள் ஒளிந்திருந்த நாந்த் நகர வீட்டைக் கண்டுபிடித்தார். வீட்டைச் சல்லடை போட்டுத் தேடியும் ஆள் அகப்படவில்லை. இரவுக் காவலுக்கு இருந்த காவலர்கள் குளிர் தாங்காமல் கணப்பில் தீ மூட்ட, அந்தக் கணப்பின் பின்புறத்து மறைவறையில் ஒடுங்கியிருந்த கோமகளும் உடனிருந்தவர்களும் ஆடை கருகிய நிலையில் வெளியே வந்தார்கள். பணம் கொடுத்துக் காட்டிக்கொடுக்க வைத்ததைப் பற்றித் தியேர் வெட்கப்பட்டதாகத் தெரியவில்லை. அரசைக் காக்கும் வேலை என்றே கருதினார்.

1834 ஏப்ரலில் லியோன் பட்டு நெசவாளர்கள் கிளர்ந்தெழுந்தார்கள், அதன் எதிரொலியாகப் பாரிஸிலும் எழுச்சி வந்தது. அப்போதும் உள்துறை தியேரிடம்தான். ஏப்ரல் 14 அதிகாலையில் பாரிஸின் திரான்ஸ்னோனென் தெருவில், ஒரு வீட்டுச் சன்னலிலிருந்து குண்டு வந்தது என்று படைவீரர்கள் உள்ளே புகுந்து, தூக்கத்திலிருந்தவர்களையும் சேர்த்துக் கொன்றார்கள். ஓவியர் தோமியே அதைக் கல்லச்சில் வரைந்தார். இரவுச் சட்டையோடு தரையில் கிடக்கும் மனிதன், அவன் உடலின் அடியில் நசுங்கிய குழந்தை. அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். அடுத்த ஆண்டு ஜூலை 28 அன்று ஃபியெஸ்கி என்பவன் வெடிக்கருவியால் அரசரைக் கொல்ல முயன்று பலரைக் கொன்றான். அதைக் காரணம் காட்டி 1835 செப்டம்பரில் வந்த சட்டங்களைத் தியேர் அமைச்சராக இருந்து ஆதரித்தார். பாரிஸ் நாளேடு நடத்த அரசிடம் கட்ட வேண்டிய பிணைத்தொகை 1 லட்சம் பிராங்க் ஆனது. அரச மரபுக்கு எதிராக வேறொரு ஆட்சிமுறையை ஏற்பதாக எழுதுவது குற்றமானது. தோமியே வரைந்தது போன்ற படங்களுக்கும் கேலிச் சித்திரங்களுக்கும் முன் அனுமதி கட்டாயமாயிற்று. படங்களுக்கு முன் அனுமதி என்பது 1830இல் அவர் எதிர்த்த அதே முறைதான். இதைப் படிக்கும்போது எனக்கு வரும் கோபத்தை மறைக்க விரும்பவில்லை. அவர் தரப்பு வாதம், கருத்துச் சுதந்திரம் வேறு, ஆட்சியின் அடித்தளத்தையே தாக்குவது வேறு என்பது. எந்த ஆட்சியின் அடித்தளம் என்பதைத் தீர்மானிக்கும் உரிமையை மட்டும் அவர் தம் வர்க்கத்திடமே வைத்துக்கொண்டார்.

1836இலும் 1840இலும் சில மாதங்கள் முதலமைச்சராக இருந்தார். இரண்டாவது முறை எகிப்தின் மெஹ்மத் அலிக்கு ஆதரவாக நின்று, இங்கிலாந்தும் மற்ற வல்லரசுகளும் ஜூலை 15 அன்று இலண்டனில் செய்துகொண்ட ஒப்பந்தத்தால் தனிமைப்பட்டு, போரின் விளிம்புவரை போனார். அரசர் பின்வாங்க, அக்டோபரில் பதவி விலகினார். அந்தப் போர் அச்சத்தின் எச்சமாகப் பாரிஸைச் சுற்றி ஏறத்தாழ 33 கிலோமீட்டர் நீளச் சுவரும் 94 கொத்தளங்களும் வெளியே 16 கோட்டைகளும் எழுந்தன. இந்தப் பீரங்கிகள் ஒருநாள் பாரிஸை நோக்கியே திரும்பும் என்று இடதுசாரிகள் 1841இல் எச்சரித்தபோது, தலைநகரைச் சுடத் துணியும் அரசு அந்தக் கணமே ஆள முடியாததாகிவிடும் என்ற வகையில் மன்றத்தில் கொதித்துப் பதில் சொன்னார். 30 ஆண்டுகளுக்குப் பிறகு அந்தச் சுவருக்கு உள்ளே கம்யூனும் வெளியே தியேரின் படையும் நின்றன.

1848 பிப்ரவரியில் பாரிஸ் மீண்டும் எழுந்தபோது லூயி பிலிப் இரவோடிரவாகத் தியேரை அழைத்தார். அதற்குள் காரியம் மிஞ்சிவிட்டது. படையோடு நகரைவிட்டு சேன்-க்ளூவுக்குப் பின்வாங்கி, வலிமை திரட்டிக்கொண்டு திரும்பி வந்து பாரிஸைப் பிடிக்கலாம் என்று அன்று அவர் யோசனை சொன்னார். அரசர் ஏற்கவில்லை, முடி துறந்தார். அந்த யோசனையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து வந்த குடியரசு எல்லா ஆண்களுக்கும் வாக்குரிமை அளித்ததும் தியேர் 'ஒழுங்குக் கட்சி'யின் முன்னணியில் நின்றார். 1850 மே மாதத்தில், வாக்களிக்க ஒரே இடத்தில் மூன்றாண்டு வசிப்பு வேண்டும் என்ற சட்டத்தை ஆதரித்துப் பேசுகையில், நாங்கள் விலக்க விரும்புவது மக்களை அல்ல, 'இழிந்த கும்பலை' என்றார். வேலை தேடி ஊர் ஊராக அலையும் தொழிலாளர்கள் அந்தக் கும்பலில் அடக்கம். ஏறத்தாழ முப்பது லட்சம் பேர் வாக்கிழந்தார்கள். இதனால் பயன் அடைந்தவர், நெப்போலியனின் தம்பி மகனும் அப்போதைய குடியரசுத் தலைவருமான லூயி நெப்போலியன். எல்லோருக்கும் வாக்குரிமையைத் திருப்பித் தருகிறேன் என்று சொல்லிக்கொண்டே 1851 டிசம்பர் 2 அன்று ஆட்சியைக் கவிழ்த்தார். அதிகாலையில் சேன்-ஜோர்ஜ் சதுக்கத்து வீட்டில் படுக்கையிலிருந்தபடியே தியேர் கைதாகி, சிறையில் வைக்கப்பட்டு, நாடு கடத்தப்பட்டார். அடுத்த ஆண்டு திரும்ப அனுமதி கிடைத்தது. நெப்போலியன் கால வரலாற்றை 20 தொகுதிகளாக எழுதி முடிப்பதில் பத்தாண்டுகள் கழிந்தன.

1863இல் பாரிஸ் அவரை மீண்டும் மன்றத்துக்கு அனுப்பியது. அங்கிருந்து அவருடைய பொதுவாழ்வின் மிகச் சிறந்த ஏழாண்டுகள் தொடங்குகின்றன. 1864 ஜனவரி 11 அன்று 'இன்றியமையாத சுதந்திரங்கள்' பற்றிப் பேசினார். தனிமனிதப் பாதுகாப்பு, பத்திரிகைச் சுதந்திரம், தேர்தல் சுதந்திரம், மக்கள் பிரதிநிதிகளின் சுதந்திரம், பெரும்பான்மையின் கருத்தே அரசின் செயலாக அமைதல் என்று ஐந்தை எண்ணிச் சொன்னார். முப்பத்து நான்கு ஆண்டுகளுக்கு முந்தைய 'லு நசியோனால்' தலையங்கங்களின் குரல் அப்படியே இருந்தது. 1870 ஜூலை 15 அன்று, பிரஷ்யாவோடு போர் வேண்டாம், கேட்டது கிடைத்துவிட்ட பிறகு சொல்லின் மானத்துக்காக இரத்தம் சிந்தப்போகிறீர்கள் என்று கூச்சல்களுக்கும் வசைகளுக்கும் இடையே நின்று வாதாடினார். ஆவணங்களைக் காட்டுங்கள் என்று கேட்டார். மன்றம் அதற்கும் செவிசாய்க்கவில்லை. ஏழு வாரங்களில் லூயி நெப்போலியனின் பேரரசு செதான் போரில் சரிந்தது. 73 வயதில் அவர் இலண்டன், வியன்னா, சேன் பீட்டர்ஸ்பர்க், ஃபுளோரன்ஸ் என்று ஐரோப்பாவைச் சுற்றி உதவி கேட்டு, வெறுங்கையோடு திரும்பினார். போரை எதிர்த்த அந்த நாளின் துணிச்சலைத்தான் நாடு நினைவில் வைத்திருந்தது: 1871 பிப்ரவரி 8 தேர்தலில் 26 மாவட்டங்கள் அவரைத் தேர்ந்தெடுத்தன. (புதுச்சேரி, காரைக்கால் உள்ளிட்ட பிரெஞ்சிந்தியாவுக்கும் அந்தப் பேரவையில் ஓர் இடம் இருந்தது.) பிப்ரவரி 17 அன்று போர்தோவில் கூடிய பேரவை அவரை ஆட்சித் தலைவராக்கியது. பிஸ்மார்க்கோடு பேசி இழப்பீட்டை 500 கோடி பிராங்க்காகக் குறைக்கவும், பெல்ஃபோர் கோட்டை நகரைக் காப்பாற்றவும் முடிந்தது. அல்சாசும் லொரேனின் ஒரு பகுதியும் போயின.

இப்போது உங்கள் கேள்வியின் மையத்துக்கு வருகிறேன். நான்கு மாத முற்றுகையில் பட்டினி கிடந்த பாரிஸ், சரணடைந்ததை ஏற்கவில்லை. முடியாட்சிப் பெரும்பான்மை கொண்ட பேரவை, பாரிஸுக்குத் திரும்பாமல் வெர்சாயில் அமர்வது என்று முடிவு செய்தது. முற்றுகைக் காலத்தில் நிறுத்திவைத்திருந்த வணிகக் கடன்களை உடனே கட்டச் சொல்லிச் சிறு கடைக்காரர்களை முறித்தது. மார்ச் 18 அதிகாலையில் மோன்மார்த்ர் குன்றில் பாரிஸ் குடிமக்களைக் கொண்ட தேசியக் காவற்படை வைத்திருந்த பீரங்கிகளை எடுத்துவரத் தியேர் படை அனுப்பினார். அவற்றில் பல பாரிஸ் மக்கள் பணம் சேர்த்து வார்த்தவை. குன்றைப் பிடித்தாயிற்று, ஆனால் பீரங்கிகளை இழுக்கக் குதிரைகள் நேரத்துக்கு வரவில்லை. பால் வாங்க வந்த பெண்கள் படைவீரர்களைச் சூழ்ந்துகொண்டார்கள். சுடச் சொன்ன தளபதி லெகோந்தின் ஆணையை மீறி வீரர்கள் துப்பாக்கிகளைத் தலைகீழாகப் பிடித்தார்கள். அன்று மாலை லெகோந்தும் முன்னாள் தளபதி க்ளெமான் தோமாவும் கொல்லப்பட்டார்கள். அதற்குள் தியேர் வெர்சாய்க்குப் புறப்பட்டுவிட்டார். எல்லாப் படைகளும் எல்லா அலுவலர்களும் பாரிஸைவிட்டு வெளியேற வேண்டும் என்று ஆணையிட்டிருந்தார். 1848இல் லூயி பிலிப்பிடம் சொன்ன அதே திட்டம்.

கம்யூன் தேர்ந்தெடுக்கப்பட்ட பிறகு, சமரசம் பேச வந்த மாநகர மேயர்களுக்கும் பிறருக்கும் தியேர் இடம் கொடுக்கவில்லை. பிஸ்மார்க்கின் இசைவோடு போர்க்கைதிகளை மீட்டுப் படையைப் பெருக்கினார். பேராயர் தர்புவா உள்ளிட்ட பிணைக்கைதிகளுக்கு ஈடாக, பழைய புரட்சியாளர் பிளாங்கி ஒருவரை விடுவித்தால் போதும் என்று கம்யூன் கேட்டபோது மறுத்தார். பின்னர் பேராயர் சுட்டுக்கொல்லப்பட்டார். சேன்-ஜோர்ஜ் சதுக்கத்து வீட்டைக் கம்யூன் இடித்தது. கம்யூனும் தன்னை எதிர்த்த ஏடுகளை மூடியது என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். மே 21 அன்று காவலற்றுக் கிடந்த சேன்-க்ளூ வாயில் வழியாகப் படை நுழைந்தது. ஒரு வாரம் தெருத்தெருவாகச் சண்டையும், சரணடைந்தவர்களைச் சுவரோரம் நிறுத்திச் சுடுவதும் நடந்தன. இறந்தோர் எண்ணிக்கையில் ஆய்வாளர்கள் வேறுபடுகிறார்கள். அண்மைய கணக்குகள் சில 7 ஆயிரம் அளவில் நிற்கின்றன, பழைய கணக்குகள் 20 ஆயிரத்தையும் தாண்டுகின்றன. ஏறத்தாழ 40 ஆயிரம் பேர் கைதானார்கள், 4 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் நியூ கலிடோனியாவுக்கு நாடு கடத்தப்பட்டார்கள். அந்த வாரத்தில் மாவட்ட ஆட்சியர்களுக்குத் தியேர் அனுப்பிய தந்தி இருக்கிறது. தரையெங்கும் அவர்களுடைய பிணங்கள் இறைந்து கிடக்கின்றன, இந்தக் கோரக் காட்சி பாடமாக அமையும் என்று அதில் எழுதினார். இதை எழுதியவர் 'சட்டத்தின் ஆட்சி முறிந்தது' என்று எழுதிய அதே மனிதர். ஒவ்வொரு சுடுதலுக்கும் அவர் ஆணையிடவில்லை, களத்தில் இருந்தவர்கள் மக்மாஓனும் அவருடைய தளபதிகளும் என்று அவருக்காகப் பேசுவோர் சொல்வார்கள். நிறுத்தச் சொல்லும் அதிகாரம் அவரிடம் இருந்தது, அவர் நிறுத்தவில்லை. எனக்கு அதுவே போதுமான தீர்ப்பு.

இதே கைதான் நாட்டை மீட்கவும் செய்தது. 1871 ஜூனிலும் 1872 ஜூலையிலும் பொதுக்கடன் கேட்டபோது மக்கள் போட்டிபோட்டுக்கொண்டு பணம் தந்தார்கள். இரண்டாவது கடனுக்குக் கேட்டதைப்போல் பத்து மடங்குக்கு மேல் திரண்டது. இழப்பீட்டுத் தொகை கெடுவுக்கு முன்பே கட்டி முடிந்து, 1873 செப்டம்பரில் கடைசி ஜெர்மானிய வீரனும் வெளியேறினான். 1871 ஆகஸ்டில் குடியரசுத் தலைவர் என்ற பட்டம் பெற்றிருந்த தியேர், 1872 நவம்பர் 13 அன்று பேரவைக்கு அனுப்பிய செய்தியில், குடியரசு நாட்டின் சட்டபூர்வ அரசாகிவிட்டது, அது பழமையைப் பேணும் குடியரசாக இருக்கும், இல்லையேல் இராது என்றார். வாழ்நாளெல்லாம் முடியாட்சியை ஏற்றவரிடமிருந்து வந்த இந்த வார்த்தையை முடியாட்சிக் கட்சியினர் துரோகம் என்றார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. அரசுரிமைக்கு மூன்று குலங்கள் போட்டியிட்ட நாட்டில் மன்றத்தின் ஆட்சியைக் காக்கக் குடியரசே ஏற்ற கூடு என்று கணக்குப் போட்டார். குடியரசைச் சொத்துடையோருக்கு அச்சமற்றதாக்கியதில், 1871இன் பிணங்களுக்கும் பங்கு உண்டு என்று அவரே நம்பினார்.

அவரை வீழ்த்த எதிரிகள் எடுத்த வழி விசித்திரமானது: அவர் பேச்சுக்கு அஞ்சினார்கள். 1873 மார்ச் 13 சட்டத்தின்படி, குடியரசுத் தலைவர் பேரவையில் பேச விரும்பினால் முதலில் எழுத்தில் தெரிவிக்க வேண்டும், விவாதம் நிறுத்தப்படும், வேறொரு அமர்வில் அவர் பேசுவார், பேசி முடித்ததும் அமர்வு கலையும், அவர் முன்னிலையில் யாரும் பதில் பேசக் கூடாது. மே 24 அன்று 360க்கு 344 என்ற வாக்கில் தோற்றார், அன்றே விலகினார், அன்று இரவே மக்மாஓன் தலைவரானார். மன்றம் சொன்னால் போக வேண்டும் என்பது அவர் 1830இல் எழுதிய விதி. அதை அவர் மீறவில்லை.

மக்மாஓன் 1877 மே 16 அன்று குடியரசுக் கட்சி அமைச்சரவையை வெளியேற்றியபோது, எண்பது வயதுத் தியேர், முன்பு தாம் 'வெறிபிடித்த பைத்தியம்' என்று அழைத்த குடியரசுக் கட்சித் தலைவர் கம்பெத்தாவோடு கைகோத்து எதிர்த்தார். ஜூன் 16 அன்று உள்துறை அமைச்சர் ஃபுர்த்தூ, 1871 பேரவைதான் மண்ணை மீட்டது என்று பேசியதும், இடதுபக்கத்து உறுப்பினர்கள் எழுந்து, இருக்கையில் அமர்ந்திருந்த கிழவரைச் சுட்டிக்காட்டி, மண்ணை மீட்டவர் இதோ என்று முழங்கினார்கள். தேர்தலுக்கு முன்பே, செப்டம்பர் 3 அன்று சேன்-ஜெர்மேனில் இறந்தார். பாரிஸில் இறுதி ஊர்வலத்துக்குப் பெருங்கூட்டம் வந்தது. பேர்-லஷேஸ் கல்லறைத் தோட்டத்தில் அவருக்குப் பெரிய நினைவாலயம் எழுப்பப்பட்டது. 1871 மே 28 அன்று 147 கம்யூன் வீரர்களை நிறுத்திச் சுட்ட சுவரும் அதே தோட்டத்தில்தான் இருக்கிறது.

அவர் நிலைநிறுத்திய குடியரசு, அவர் இல்லாத பிறகுதான் அவர் செய்த இரண்டைத் திருத்தியது. 1880 ஜூலையில் கம்யூன் கைதிகளுக்குப் பொதுமன்னிப்பு வழங்கி நியூ கலிடோனியாவிலிருந்து திரும்ப அனுமதித்தது. 1881 ஜூலை 29 அன்று நிறைவேறிய பத்திரிகைச் சட்டம் முன் அனுமதியையும் பிணைத்தொகையையும் ஒழித்தது.